கல்லூரி வளாகத்தில் பாலியல் வன்முறை: இடமும் ஏற்பாடும் எப்படி வழிவிடுகின்றன?

நீலகிரியில் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் நாளைப் பெரும்பாலும் கடைசி பஸ்தான் தீர்மானிக்கிறது. கூடலூரிலிருந்து எருமாடு பக்கமோ, ஊட்டியிலிருந்து மஞ்சூர் பக்கமோ போகிறவர்களுக்கு மாலையில் ஒரு பஸ் தவறினால் அடுத்ததை நம்பி நிற்க முடியாது. ஒரு நாளைக் கற்பனை செய்துகொள்வோம். லேப் வகுப்பு அரை மணி நேரம் நீள்கிறது. ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்காமல் கிளம்ப முடியாது. கையெழுத்துப் போட வேண்டியவர் "மத்தவங்க போகட்டும், நீ மட்டும் இரும்மா" என்கிறார். வெளியே மூடுபனி இறங்கிவிட்டது. இனி ஊருக்குப் போக வேண்டுமானால் தெரிந்த யாராவது பைக்கில் ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு.

இதுவரை எந்தக் குற்றமும் நடக்கவில்லை. ஆனால் குற்றம் செய்ய நினைப்பவனுக்கு வேண்டியதெல்லாம் இங்கே கூடிவிட்டது. இதில் எதையும் அந்த மாணவி உண்டாக்கவில்லை. பஸ் நேரமும் வகுப்பு நேரமும் கையெழுத்து அதிகாரமும் விளக்கில்லாத பாதையும் வேறு யாரோ எடுத்த முடிவுகள், அல்லது யாரும் எடுக்காமல் விட்ட முடிவுகள்.

வளாகப் பாலியல் வன்முறையை ஆராய்பவர்கள் இவற்றை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பாதை, வெளிச்சம், கட்டட அமைப்பு, போக்குவரத்து, ஆள் நடமாட்டம் போன்றவை சூழல் காரணிகள். யாரிடம் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது, விதிகள் யாரைக் கட்டுப்படுத்துகின்றன, புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்பவை நிறுவனக் காரணிகள். குற்றத்துக்குப் பொறுப்பு குற்றம் செய்தவன்தான். அதை இந்தக் காரணிகள் துளியும் குறைப்பதில்லை. அவனுக்கு வாய்ப்பு எங்கிருந்து கிடைத்தது, செய்த பிறகும் அவன் எப்படி நிம்மதியாக நடமாடினான் என்பதற்குத்தான் இவை பதில் சொல்கின்றன.

அமெரிக்கக் குற்றவியலாளர்கள் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979இல் ஒரு எளிய விளக்கம் தந்தார்கள். செய்யத் துணிந்த ஒருவர், எட்டும் தூரத்தில் ஓர் இலக்கு, தடுக்க யாரும் இல்லாத நேரம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது குற்றம் நடக்கிறது என்றார்கள். நம் ஊரில் இந்த மூன்றில் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். பெண்ணை அங்கிருந்து அகற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். முதலாவதையும் மூன்றாவதையும் மாற்ற வேண்டியது கல்லூரியின் வேலை. அதற்குப் பணமும் முயற்சியும் வேண்டும் என்பதால் அது தள்ளிப்போகிறது.

மலையில் இடம் என்பது

மலையில் கல்லூரி என்றால் சரிவில் அடுக்கடுக்காகக் கட்டடங்கள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படிக்கட்டு இருக்கும், அல்லது சீகை மரங்களுக்கும் கற்பூர மரங்களுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை இருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பிற்பகலிலேயே பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவரின் முகம் தெரியாது. அந்தப் பனியில் கண்காணிப்புக் கேமராவும் வெறும் வெள்ளையைத்தான் பதிவுசெய்யும். காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் விளக்கோடு சிக்னலும் போகலாம். அப்போது போனில் இருக்கும் ‘காவல் உதவி’ செயலியால் பயனில்லை. சமவெளியில் வேலை செய்யும் பாதுகாப்பு ஏற்பாடு இங்கே அப்படியே வேலை செய்யாது என்பதை ஏற்பாடு செய்பவர்கள் முதலில் உணர வேண்டும்.

இங்கே இன்னொன்றும் உண்டு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியும் காட்டெருமையும், கூடலூர், பந்தலூர் பக்கம் யானையும் நடமாடும் பாதையில் இருட்டிய பிறகு யாரும் தனியாக நடக்கத் துணிவதில்லை. வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்கும் நிலையில் அந்தப் பெண் இல்லை. ‘அவன் வண்டியில் ஏன் ஏறினாள்?’ என்று கேட்பவர்கள் இந்தப் பாதையில் ஒரு மாலை நடந்து பார்க்க வேண்டும். சீசன் மாதங்களான ஏப்ரலிலும் மே மாதத்திலும் சுற்றுலா வண்டிகளின் நெரிசலில் பஸ்கள் தாமதமாகும். தேர்வு முடிந்து பாதிப் பேர் ஊருக்குப் போன விடுதியில் மிச்சம் இருப்பவர்கள் சிலர்தான். ஆபத்து எப்போது கூடுகிறது என்பதற்கும் மலைக்கென்று தனி நாட்காட்டி இருக்கிறது.

ஆகவே விளக்கு வேண்டும், பாதை வேண்டும், கல்லூரி நேரத்துக்குப் பொருந்தும் பஸ் வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் பெரிய பங்கைத் தவறவிட்டுவிடுவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் விவரங்களில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் உண்மை ஒன்று உண்டு: பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். புதரில் ஒளிந்திருக்கும் அந்நியனைத் தேடி விளக்குப் போடுகிறோம். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனையும் கையெழுத்துப் போடுபவரையும் அந்த விளக்கு காட்டாது.

அந்நியரால் நடப்பதே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாள் ஒருவன் மாணவியை வல்லுறவு செய்தான். 2025 ஜூனில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த மாணவிக்கு இரண்டாவது அடியைக் கொடுத்தது அமைப்பு. அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, பெண் அதிகாரிகள் மட்டுமே கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. இருட்டான இடம் குற்றத்துக்கு வழிவிட்டது. புகாரைக் கையாண்ட விதம் அதற்குப் பிறகும் அவரைக் காயப்படுத்தியது. இரண்டு வகைக் காரணிகளும் ஒரே நிகழ்வில் தெரிந்தன.

அதிகாரம் எங்கே குவிகிறது?

அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2018இல் கல்வி நிறுவனங்களில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டன. துன்புறுத்தல் நடக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்லும் காரணிகளில் மிக வலுவானது அந்த நிறுவனத்தின் போக்குதான் என்பது அதன் முக்கியமான முடிவு. புகார் கொடுப்பவருக்கு ஆபத்து வருமா, கொடுத்த புகாரைப் பொருட்படுத்துவார்களா, செய்தவருக்குத் தண்டனை உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கு அங்கே இருப்பவர்கள் மனதுக்குள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பதே அந்தப் போக்கு. செய்ய நினைப்பவனும் இதே மூன்று கேள்விகளை எடைபோட்டுவிட்டுத்தான் செய்கிறான்.

ஆபத்தைக் கூட்டுபவை என்று அதே அறிக்கை சொல்லும் சூழல்களில் ஒன்று, ஒருவரையே நம்பியிருக்க வேண்டிய, தனிமைப்படுத்தும் வேலை இடம். ஆய்வுக்கூடம், களப்பணி, மருத்துவமனைப் பயிற்சி எல்லாம் அதில் வரும். மலையில் இதை எளிதில் புரிந்துகொள்ளலாம். தாவரவியலும் விலங்கியலும் வனவியலும் படிப்பவர்கள் சோலைக்காடுகளுக்குக் களப்பணி போகிறார்கள். ஜீப் யாருடையது, இரவு எங்கே தங்குவது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் ஒரே கைடு முடிவுசெய்கிறார். ஆராய்ச்சி மாணவியின் பட்டம், உதவித்தொகை, சான்றிதழ் எல்லாம் அவர் கையெழுத்தில் நிற்கின்றன. இளங்கலையில் இன்டர்னல் மார்க்கும் செய்முறைத் தேர்வும் அந்த இடத்தில் இருக்கின்றன.

எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கும், பணியர் அல்லது காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து அரசு விடுதிக்கு வந்த பெண்ணுக்கும் அந்தக் கையெழுத்தின் எடை இன்னும் அதிகம். படிப்பு நின்றால் அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு எளிதில் வராது. வீட்டில் சொன்னால் "படிச்சது போதும் கண்ணு, வந்துரு" என்பார்கள். அது அன்பில் வரும் சொல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ பேர் வாய் திறப்பதில்லை. சாதியும் வறுமையும் பழங்குடி என்ற ஏளனமும் ஒருவரை எளிய இலக்காக்குகின்றன என்று சொல்வதைவிட, அவர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற தைரியத்தைச் செய்பவனுக்குக் கொடுக்கின்றன என்று சொல்வதே சரி.

விடுதிக் கதவு

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு என்றதும் நிர்வாகங்கள் முதலில் செய்வது பெண்கள் விடுதியின் கதவை இன்னும் சீக்கிரம் பூட்டுவதுதான். ஆண்கள் விடுதிக்கு ஒன்பது மணி என்றால் பெண்களுக்கு ஆறு மணி. அவுட்பாஸ், வீட்டுக்கு போன், தாமதத்துக்கு அபராதம் என்று விதிகள் நீளும்.

இந்த விதி என்ன செய்கிறது என்று பாருங்கள். பஸ் கிடைக்காமல் ஆறரை மணிக்கு வரும் பெண்ணுக்கு, பாதையில் யாரோ தொட்டதைவிட, கேட்டில் வார்டன் "ஏம்மா, இந்நேரம் வரைக்கும் எங்க இருந்த?" என்று கேட்கப்போவது பெரிய பயமாகிவிடுகிறது. நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில்தான் அவர் தெரிந்தவனின் வண்டியில் ஏறுகிறார். அந்த வண்டியில் ஏதாவது நடந்தால், அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் தான் விதியை மீறியதையும் சொல்ல வேண்டும். செய்தவனுக்கு இது நன்றாகத் தெரியும். "நீ லேட்டா வந்தத நானே வார்டன்கிட்ட சொல்லவா?" என்ற மிரட்டல் அவனுக்குப் போதும். பாதுகாக்கப் போட்ட விதியே அவனுக்கு ஆயுதமாகிறது.

இது என் கருத்து மட்டும் இல்லை. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த பணிக்குழு 2013இல் ‘சக்‌ஷம்’ என்ற அறிக்கையைத் தந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2015ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், மாணவியரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்கள் விடுதியில் இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் திணிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. பாதுகாப்பு ஏற்பாடுகள் அதீதக் கண்காணிப்பாகவோ நடமாட்டத் தடையாகவோ மாறக் கூடாது என்றும், போதிய வெளிச்சமும் நம்பகமான போக்குவரத்தும் வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், குடித்திருந்ததற்காகத் தண்டிக்க மாட்டோம், நடந்ததைச் சொல்லுங்கள் என்ற உறுதிமொழி இருக்கிறது. நம் விடுதிகளுக்கு வேண்டியது ‘தாமதமாக வந்ததைக் கேட்க மாட்டோம், என்ன நடந்தது சொல்லம்மா’ என்ற எழுத்துப்பூர்வமான உறுதி. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

காலமும் ஒரு காரணி. அமெரிக்க வளாகங்களில் புதிய மாணவியர் சேரும் முதல் சில வாரங்களிலிருந்து நவம்பர் இறுதி விடுமுறை வரை ஆபத்து கூடுதல் என்று கண்டு, அந்தக் காலத்தைச் ‘சிவப்பு மண்டலம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அங்குள்ள விருந்துக் கலாச்சாரம் நம் மலைக் கல்லூரிகளில் இல்லை. ஆனால் யாரை நம்புவது, எந்தப் பாதையில் போவது, யாரிடம் புகார் சொல்வது என்று எதுவும் தெரியாத முதல் மாதங்கள் இங்கேயும் அப்படித்தான். நம் முதலாண்டு மாணவர்களில் பலருக்கு வயது 17. சட்டப்படி அவர்கள் குழந்தைகள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். அவர்களுக்கு எதிரான குற்றம் தெரிந்தும் கல்லூரி மறைத்தால் அதுவே குற்றம்.

விசாகா கமிட்டி என்ற கதவு

பேச்சு வழக்கில் ‘விசாகா கமிட்டி’ என்று சொல்லப்படுவது உள்ளகப் புகார்க் குழு. விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் வகுத்த நெறிகளிலிருந்து 2013ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான அந்தச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். தலைமை மூத்த நிலையில் இருக்கும் பெண்ணுக்கு, உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர்.

கல்லூரிகளுக்கு மானியக் குழுவின் விதிகள் இன்னும் சிலவற்றைச் சேர்க்கின்றன. மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகளும் குழுவில் இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்றவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. கல்விச் சுற்றுலா, களப்பணி, பயிற்சி வேலை, முகாம், விளையாட்டுப் போட்டி நடக்கும் இடங்களும் வளாகத்தில் சேரும், ஆகவே ஐ.வி. (தொழிற்சாலைகளைப் பார்வையிடும் பயணம்) போன இடத்தில் நடந்ததற்கும் கல்லூரியே பதில் சொல்ல வேண்டும். ஆண் மாணவர்களும் திருநர்களும் பாதிக்கப்படலாம் என்பதையும் அந்த விதிகள் ஏற்கின்றன.

புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். புகார் கொடுத்தவரின் தேர்வையோ வேலையையோ எதிர்த்தரப்பினர் மதிப்பிடக் கூடாது என்று குழு இடைக்காலமாகத் தடுக்கலாம். இன்டர்னல் மார்க்குக்குப் பயந்து நிற்கும் மாணவிக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். ஆனால் அறிவிப்புப் பலகையில் இது இருப்பதில்லை. இருந்தாலும் ஆங்கிலத்தில், இரண்டு வருடத்துக்கு முன் மாறிப்போனவர்களின் பெயரோடு இருக்கும். சமரசம் பேச வேண்டும் என்று புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டுமே பேசலாம், அதிலும் பணம் கைமாறக் கூடாது. நம் பக்கத்தில் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கும் பழக்கம் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்பதையும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

சிறிய மலை ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். குழுவின் தலைவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே ஹட்டியை (படகர் ஊர்) சேர்ந்தவர்களாக இருக்கலாம், ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்களாக இருக்கலாம். வெளி உறுப்பினர் உண்மையிலேயே வெளியாளாக இருப்பது இங்கே பெருநகரத்தைவிட அவசியம். ரகசியம் காப்பது சட்டக் கடமை. டீக்கடையில் பெயர் அடிபட ஒரு நாள்கூட ஆகாத ஊரில் அதுவே உயிர்நாடி. விசாரணையை ஒழுங்காக நடத்துவதும் அதே அளவு முக்கியம். கோவா பல்கலைக்கழகத்தில் மாணவியர் பலர் கொடுத்த புகாரில், குழு அவசரமாக விசாரித்து ஆசிரியரைக் குற்றவாளி என்றது. எதிர்த்தரப்புக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்துசெய்து திருப்பி அனுப்பியது. பல ஆண்டுகள் காத்திருந்த மாணவியர் மறுபடி விசாரணையைச் சந்திக்க வேண்டியதாயிற்று. பயிற்சி இல்லாத குழு, நல்லெண்ணம் இருந்தாலும், இப்படிக் கெடுத்துவிடும்.

புகார் இல்லாத கல்லூரி

"எங்க காலேஜ்ல இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கலாம். அது பாதுகாப்பின் அடையாளமாக இருக்கலாம். சொன்னால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற மாணவி வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் அதே பல்கலைக்கழக மாணவன். பூட்டாமல் திறந்து வைத்திருந்த கதவுகள் வழியாக வந்தவன். பெற்றோரின் போராட்டத்தால் 1990இல் வந்த சட்டம், வளாகக் குற்றங்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தியது. நம் நாட்டிலும் குழு ஆண்டறிக்கை தர வேண்டும் என்ற விதி உண்டு. பெற்றோர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தொடங்கினால் நிறைய மாறும். புகார்கள் வந்து தீர்வும் கண்ட கல்லூரியை நான் அதிகம் நம்புவேன்.

உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். அவரும் கார்லி ஸ்மித்தும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவியரில், கல்லூரியும் தங்களைக் கைவிட்டதாக உணர்ந்தவர்களுக்கு மனப்பதற்றம் முதலிய பாதிப்புகள் கூடுதலாக இருந்தன. நம்பியிருந்த நிறுவனம் செய்யும் இந்தக் காயத்தை அவர்கள் நிறுவனத் துரோகம் என்றார்கள். மூடி மறைப்பது கல்லூரியின் பெயரைக் காப்பாற்றும் நடுநிலையான செயல் என்று நினைக்கும் நிர்வாகிகள் இதைப் படிக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு நியூயார்க்கிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. அங்கே 30 நடுநிலைப் பள்ளிகளில் நடந்த சோதனை ஒன்றில், மாணவர்களிடம் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, பயமான இடங்களைக் குறிக்கச் சொன்னார்கள். அந்த இடங்களில் பெரியவர்களின் நடமாட்டத்தைக் கூட்டினார்கள். இந்த ஏற்பாடு பாலியல் துன்புறுத்தலைக் குறைத்தது. வகுப்பில் பாடம் நடத்தியது மட்டும் அவ்வளவு பலன் தரவில்லை. நம் கல்லூரிகளில் ஒரு மதியத்தில் இதைச் செய்துவிடலாம். வரைபடத்தில் இடத்தோடு நேரத்தையும் பருவத்தையும் குறிக்கச் சொல்ல வேண்டும்: மழைக்கால மாலையில் லைப்ரரிப் படிக்கட்டு, சீசனில் பஸ் ஸ்டாண்டு, சனிக்கிழமை லேப். பெயர் எழுதாமல் தர வேண்டும். விடுதி மாணவியரும் தினமும் ஊரிலிருந்து வருகிறவர்களும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இருவரின் பயங்களும் ஒன்றாக இருக்காது. அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு கடைசி வகுப்பை அரை மணி முன்னே நகர்த்துவதும், தனியாகக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை நிறுத்துவதும், போக்குவரத்துக் கழகத்துக்கு பஸ் நேரம் மாற்றக் கேட்டு எழுதுவதும் முதல்வரின் மேசையிலிருந்தே செய்யக்கூடிய வேலைகள்.

இதற்கிடையில் ஒரு தோழி உங்களிடம் வந்து சொன்னால், ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண். 18 வயது ஆகாதவர் என்றால் 1098. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. வல்லுறவுக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். முடிந்தால் குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் முன்பே போவது நல்லது. மாற்றிவிட்டால் அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். கல்லூரிக் குழுவில் கொடுக்கும் புகாரும் போலீஸ் புகாரும் ஒன்றையொன்று தடுக்காது, இரண்டையும் கொடுக்கலாம். உடல்நிலையாலோ மனநிலையாலோ அவரால் புகார் கொடுக்க முடியாத நிலை என்றால், அவருக்காகக் குழுவில் நீங்களே புகார் எழுதிக் கொடுக்கவும் விதியில் இடம் உண்டு.